மூக்கு சாரும் வேப்பெண்ணெயும்

பால் சொசைட்டியில் அவருடைய உத்தியோகப் பெயர் டெஸ்டர். அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கேனோடு வரிசையில் நிற்பவர்கள் முதல் பால் வண்டி டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் மூக்கு சார். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு நாள், புதிதாகப் பால் ஊற்ற வந்த ஒரு மனிதர் அதுதான் அவருடைய நிஜப் பெயர் என்று நம்பி, "மூக்கு சார், நம்ம கேனையும் கொஞ்சம் பாத்துடுங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டார். வரிசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இவரோ "வாங்க" என்று சொல்லி மூடியைத் திறந்தார். அதற்கப்புறம் ஒளிவு மறைவு எதற்கு, முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

மூக்கு என்னவோ சாதாரண மூக்குதான். பெரிதுகூட இல்லை. ஆனால் கேனின் மூடியைத் திறந்து, குனிந்து, ஒரே ஒரு மூச்சு இழுத்தால் போதும், அந்தப் பாலின் சரித்திரம் முழுவதும் அவருக்குத் தெரிந்துவிடும். மாடு முதல் நாள் என்ன தின்றது, கேனைச் சரியாகக் காய வைத்தார்களா, கறந்த பால் வெயிலில் நின்றதா, எல்லாம் சொல்லுவார். "வெங்காயத் தோலை மாட்டுக்குப் போட்டீங்களா?" என்று அவர் கேட்டால், போட்டவர் தலையைச் சொறிவதைத் தவிர வேறு வழியில்லை. மேசைமேல் பால்மானி இருந்தது, கொழுப்பு பார்க்கும் மெஷின் இருந்தது. அவற்றுக்கெல்லாம் வேலை வருவது மூக்கு சார் தலையசைத்த பிறகுதான். பால் சரியில்லை என்றால் இரண்டே வார்த்தை சொல்வார்: "தள்ளி வைங்க." குரல் உயராது. பேரம் கிடையாது. சொந்தக்காரன், வேண்டியவன், வேண்டாதவன் என்ற பேதமும் கிடையாது.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முறை அவருக்குச் சளி பிடித்திருந்தது. மூக்கு அடைத்துக் கிடந்த அன்று எந்தக் கேனோ ஒன்று கெட்ட வாடையோடு உள்ளே போய்விட்டது. சொசைட்டிப் பால் போய்ச் சேரும் பெரிய பால்பண்ணையிலிருந்து வண்டிப் பால் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிரைவர் குழாயைத் திறந்துவிட, எல்லோர் வீட்டுப் பாலும் சாக்கடையில் வெள்ளையாக ஓடியதை எல்லோரும் நின்று பார்த்தார்கள். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். கேட்காமல் விட்டதுதான் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூக்கைக் காவல் காக்க ஆரம்பித்தார். வீட்டில் வாசனைச் சோப்புக்குத் தடை. பவுடர், சென்ட், கொசுவத்தி, எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் அடுப்பில் தாளிப்புச் சத்தமே கேட்கும். இதையெல்லாம் சகித்துக்கொண்டு குடித்தனம் நடத்திய மகராசி அவருடைய மனைவி. "இவருக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து என் கையில ஒரு மணமான சோப்பு பட்டதில்ல. இன்னும் கொஞ்ச நாள்ல என்னையே தள்ளி வைங்கன்னு சொல்லிடுவாரு" என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லிச் சிரிப்பாள். சொல்லும்போது அதில் பாதி பெருமைதான் இருக்கும். ஊரே நம்பும் ஒரு மூக்குக்குச் சமைத்துப் போடுவது சின்ன விஷயமா?

அவளுக்கென்று இருந்தது ஒரு மாடு. மகளைக் கட்டிக்கொடுத்து, மகள் தூரமாகப் போய்விட்ட வருஷம், வீடு வெறிச்சென்று கிடந்தபோது, அவர்களிடம் இருந்த கிழப்பசு கன்று போட்ட கையோடு கண்ணை மூடிவிட்டது. தாயில்லாத அந்தக் கன்றை அவள்தான் பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தாள். ராத்திரியெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொல்வாள், அவர் அதைப் பார்த்ததில்லை. கன்று வளர்ந்து பசுவானதும் அதற்குப் பிடிவாதமும் கூடவே வளர்ந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால்தான் குடிக்கும். புல்லில் முதல் பிடியைக் கையால் ஊட்டினால்தான் மீதியைத் தொடும். "நமக்குத்தான் பையன் இல்ல, மருமகளாவது இருக்கட்டுமே" என்று அவள் அதற்கு மருமகள் என்றே பெயர் வைத்துவிட்டாள். மருமகள் அதிகாரம் பண்ண, மாமியார் ஓடி ஓடிச் சேவகம் செய்யும் வீடு அது ஒன்றுதான் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

மருமகளுக்கு எல்லாம் பொருத்தமாக அமைந்திருந்தது, உண்ணித் தொல்லை ஒன்றைத் தவிர. அந்தப் பக்கத்து மாடுகள் எல்லாவற்றுக்குமே அந்தத் தொல்லை உண்டு. முன்பெல்லாம் கடையில் விற்கும் மருந்தை வாங்கித் தண்ணீரில் கலந்து மாட்டின்மேல் அடித்துவிடுவார்கள். உண்ணி செத்து விழும். ஆனால் ஒரு தடவை பாலில் அந்த மருந்து தட்டுப்பட்டு, மருந்து அடித்த மாட்டின் பாலை அது உடம்பை விட்டுப் போகும்வரை கொண்டு வரவே கூடாது என்று பண்ணையிலிருந்து கண்டிப்பான உத்தரவு வந்துவிட்டது. கறக்கும் மாட்டின் பாலை யார் கீழே கொட்டுவார்கள்? பாதிப் பேர் மருந்தையே விட்டுவிட்டார்கள். மீதிப் பேர் திருட்டுத்தனமாக அடித்தார்கள்.

அவள் இரண்டும் செய்யாமல் நேராக மாட்டாஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைக் கேட்டாள். வேப்பெண்ணெய், புங்க எண்ணெய் இரண்டையும் கலந்து, சோப்புத் தண்ணீர் விட்டு நன்றாக அடித்து, யூகலிப்டஸ் தைலம் சில சொட்டு சேர்த்து, ரோமத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தேய்க்கச் சொன்னார் டாக்டரம்மா. கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். கடை மருந்து மாதிரி இது ஒரே நாளில் கொல்லாது, ஆனால் விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் உண்ணி ஒட்டாது, ஒட்டியது காய்ந்து உதிரும். ஓர் இடம் விடக் கூடாது, மாடு முழுக்கத் தேய்க்க வேண்டும். கொட்டகைச் சுவரில் விரிசல் இருந்தால் அதையும் பூசிவிட வேண்டும்.

முதல் தடவை சோப்புத் தண்ணீரை மறந்துவிட்டு எண்ணெயை அப்படியே அப்பிவிட்டாள். மருமகள் மண்ணில் புரண்டு எழுந்து, அடையாளமே தெரியாமல் நின்றது. இரண்டாம் தடவை, நல்லதுதானே என்று தைலத்தைக் கொஞ்சம் தாராளமாக விட்டுவிட்டாள். மாட்டுக்குக் கண்ணில் தாரை தாரையாக நீர் வடிந்தது, அவளுக்கும்தான். மூன்றாம் தடவை பதம் கைக்கு வந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக உண்ணிகள் சுருங்கி உதிர ஆரம்பித்தன. கீழே விழுந்ததை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கல்லால் நசுக்கும்போது அவள் முகத்தில் தெரிந்த திருப்தியைப் பார்க்க வேண்டும்! அக்கம்பக்கத்தில் எல்லோரும் செய்முறை கேட்டு வந்தார்கள்.

மூக்கு சாருக்குத்தான் அது பெரும் சோதனையாகப் போயிற்று. வேப்பெண்ணெய் வாடை ஒரு முறை மூக்கில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. காலையில் பாலை முகரும்போதும் அதுவே வந்து நிற்கும். என்ன செய்வார்? கொட்டகைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். கொட்டகை வீட்டுக்குப் பின்னால், சமையலறைச் சுவரை ஒட்டியே இருந்தது. அவர் முன்வாசலால் வந்து முன்வாசலாலேயே போனார். ஏதாவது அவசரமாகச் சொல்ல வேண்டுமென்றால் சமையலறைக் கதவருகே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று கூப்பிடுவார். "மருமகளப் பாக்க மாமனாருக்கு இவ்வளவு கூச்சமா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவரும் சிரித்துக்கொள்வார். மருமகள் தலைச்சன் கன்று போட்டபோதுகூட அவர் அங்கே நின்றபடியேதான், கிடேரிக் கன்று என்று தெரிந்துகொண்டு, சந்தோஷப்பட்டார்.

கன்று போட்டுப் பால் பெருகி வந்த சமயம். ஒரு நாள் காலையில் அவள் கேனோடு வரிசையில் நின்றாள். வீட்டில் அவளை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவார். சொசைட்டிக்குள் வந்துவிட்டால் அவளுக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் மரியாதைதான். அவள் முறை வந்தது. "வைங்க" என்றார். மூடியைத் திறந்தார், குனிந்தார், இழுத்த மூச்சை விடாமல் ஒரு கணம் அப்படியே நின்றார். பாலிலிருந்து வேப்பெண்ணெய் மெலிதாக எழுந்து வந்தது.

"தள்ளி வைங்க."

அவள் விளையாட்டு என்று நினைத்து லேசாகச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த கேனுக்குக் கையை நீட்டிவிட்டார். பின்னால் நின்ற எருமைக்காரர் சங்கடப்பட்டு, வீட்டுப் பால்தானே, ஒரு நாள் பார்க்காமல் விட்டால் என்ன என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். எந்த வீடாக இருந்தால் என்ன என்று மூக்கு சார் கேட்டார். அவள் கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசை முழுவதையும் கடந்து, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து போனாள்.

அன்று முழுவதும் ஊரில் அதே பேச்சு. கட்டின பெண்டாட்டி கொண்டுவந்த பாலையே தள்ளி வைத்த மனுஷன் என்று டீக்கடையில் பேசினார்கள், வண்டி டிரைவர் போகிற இடமெல்லாம் பரப்பினான். அவருக்குத் தலைகால் புரியவில்லை. நியாயஸ்தன் என்று நாலு பேர் சொல்லிவிட்டால் மனிதனுக்கு வேறு எதுவுமே கண்ணில் படாது போலிருக்கிறது. வீட்டில் பெரிய சண்டை காத்திருக்கும் என்று எதிர்பார்த்து, வழியெல்லாம் பதிலை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

சண்டை வரவில்லை. தட்டு வைத்தாள், பரிமாறினாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் கேட்டாள்.

"என்ன வாசனை வந்துச்சு?"

"வேப்பெண்ணெய்."

"மடியில தடவுனதா இருக்குமோ?"

"அது எனக்கெப்படித் தெரியும்? பால்ல வந்துச்சு, அவ்வளவுதான்."

அவருக்குத் தெரியும். அதுதான் கொடுமை. பாலைக் கறந்து முடித்த பிறகு எண்ணெயைத் தேய்த்து, அடுத்த வேளை கறக்கும் முன் மடியை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டால் பாலில் வாடை ஏறாது. வரிசையில் எத்தனையோ பேருக்கு வலியப் போய் இதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அன்று தன் வீட்டில், தன் மனைவியிடம், அந்த ஒரு வரி வாயிலிருந்து வரவில்லை. சொன்னால் காலையில் செய்ததற்குச் சமாதானம் சொல்வது போலாகிவிடும் என்று ஒரு வீம்பு. இவ்வளவு தெரிந்தவளுக்கு இது தெரியாதா என்றும் ஒரு நினைப்பு. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் அவள் கொண்டுவந்த பாலில் எந்த வாடையும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கெட்டிக்காரி, கழுவும் வித்தையைப் பிடித்துக்கொண்டாள் என்று அவர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார். மெச்சியதோடு நிறுத்தினாரா? எண்ணெய் வாடைக்காகக் கேனைத் தள்ளி வைக்கும்போதெல்லாம், எங்கள் வீட்டைப் பாருங்கள், எண்ணெயும் தடவுகிறார்கள், பாலும் சுத்தமாக வருகிறது என்று உதாரணம் காட்ட ஆரம்பித்தார். அவர்கள் போய் அவளிடம் எப்படி என்று கேட்டால், அவள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். முன்பு வரிசையில் நின்று வாயடிப்பவள் இப்போது வருவதும் போவதும் தெரியாமல் போனதை அவர் கவனித்தார். கோபம் இன்னும் தீரவில்லை என்று விட்டுவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். அவள் மருமகளுக்குக் கழுத்தில் தேய்த்தாள், முதுகில் தேய்த்தாள், காதுக்குள் துணியைச் சுற்றித் துடைத்துவிட்டாள். மடியிலும் தொடை இடுக்கிலும் வாலடியிலும் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டாள். புருஷனுக்கு மறுபடி நாலு பேர் முன்னால் தர்மசங்கடம் வரக் கூடாது, தனக்கும் அந்த வரிசையைக் கடந்து தள்ளி வைத்த கேனோடு நடக்கும் நிலை வரக் கூடாது. உண்ணிக்கு என்ன, உடம்பெல்லாம் கசப்பு, ஓரிடம் மட்டும் இதமாக இருந்தால் அங்கே போகத் தெரியாதா? கறக்க உட்காரும்போது கண்ணில் பட்டதையெல்லாம் அவள் கையால் பிடுங்கிப் போட்டாள். பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது, கொட்டகை காயவே இல்லை.

பால் கொஞ்சம் குறைந்தது. தீனியை மாற்று என்று அவர் கதவருகே நின்று சொன்னார். இன்னும் குறைந்தது. பிறகு ஒரு நாள் காலையில் வரிசை முடிந்து, வண்டியும் கிளம்பிப் போய்விட்டது. அவள் வரவேயில்லை.

வீட்டுக்கு வந்தபோது முன்வாசல் திறந்தபடி கிடந்தது. அடுப்பு எரியவில்லை. சமையலறைக் கதவருகே போய் நின்றார்.

"மருமக எழுந்திரிக்க மாட்டேங்கிறா" என்றாள் அவள் உள்ளேயிருந்து.

துண்டைத் தேடாமல் அவர் கொட்டகைக்குள் போனார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த மாட்டை அவர் பக்கத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கழுத்தைத் தரையில் நீட்டிப் படுத்திருந்தது. காது சுட்டது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அது பெய்திருந்த மூத்திரம் தரையில் காப்பி டிக்காஷன் நிறத்தில் தேங்கிக் கிடந்தது. பின்காலை அவள் மெல்லத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். மடிக்கும் தொடைக்கும் நடுவில், கை போகாத அந்த இடுக்கில், ஆமணக்கு விதை அளவில் உப்பிய உண்ணிகள் தோலே தெரியாமல் அப்பிக் கிடந்தன.

அங்கே ஏன் எண்ணெய் தடவவில்லை என்று அவர் கேட்டார்.

"மடியில தடவுனா பால்ல வாசனை வருதுன்னீங்களே."

"இவ்வளவு இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? தள்ளி வைங்கன்னுதானே சொல்லியிருப்பீங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் வரும் என்று சொல்வோமே, அப்படிச் சொன்னாள்.

அவர் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். எங்கேயோ ஒரு மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது, முடித்துவிட்டு நேராக வருகிறேன் என்றார் அந்த அம்மாள். அதுவரை என்ன செய்வது? ஈரச் சாக்கைத் தலையில் போடச் சொன்னார், போட்டார்கள். தண்ணீர் காட்டச் சொன்னார். அவள் வெதுவெதுப்பாக்கிக் கொண்டுவந்தாள், மருமகள் உதட்டைக்கூட நனைக்கவில்லை. ஒரு பிடி புல்லை வாயருகே நீட்டிப் பார்த்தாள். அதுவும் கையிலேயே நின்றது. கன்று பசியில் கத்திக்கொண்டே இருந்தது. ஊரில் யார் வீட்டுப் பாலில் என்ன குறை என்று ஒரே மூச்சில் சொல்லும் மனிதர், தன் வீட்டுக் கொட்டகையில் ஒன்றும் தெரியாதவராக, வாளியை இங்கே எடுத்து அங்கே வைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். வண்டியை நிறுத்திய கையோடு உள்ளே வந்து, மாட்டின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். காகிதம் போல வெளுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல், கிருமி ரத்தத்தில் இறங்கி ரத்தத்தையே உடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். நரம்பில் ஊசி போட்டார். குளுக்கோஸ் பாட்டிலை மாட்ட ஆணி எதுவும் இல்லாததால் மூக்கு சார் அதைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் கடுத்தபோதும் கையை மாற்றவில்லை. ஏதோ ஒன்று செய்ய வாய்த்ததே என்றிருந்தது அவருக்கு.

"எண்ணெய் விடாம தடவிட்டுத்தானே இருந்தீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"தடவினோம்" என்றாள் அவள்.

"மடியிலயுமா?"

அவள் மருமகளின் நெற்றியைத் தடவ ஆரம்பித்தாள். மூக்கு சார்தான் சொன்னார்: "பால்ல வாடை வருதுன்னு அங்க மட்டும் விட்டுட்டோம்."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாள் கள்ளங்கபடம் இல்லாமல்தான் கேட்டார். "கறந்த பிறகு தடவிட்டு, அடுத்த வேளை வெந்நீர்ல கழுவிட்டுக் கறந்தா வாடை வராதே சார். நீங்கதான் வரிசையில எல்லாருக்கும் சொல்லிக்குடுக்கிறதா சொல்றாங்க."

மருமகளின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். இப்படியும் ஒரு வழி இருந்ததா, அதை ஊருக்கெல்லாம் சொன்னீர்களா, எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று புரியாமல் விழிக்கும் ஒரு குழந்தையின் பார்வையாக இருந்தது அது. பிறகு அவள் குனிந்துகொண்டாள். கை மறுபடியும் நெற்றியைத் தடவ ஆரம்பித்தது. பாட்டிலைப் பிடித்திருந்ததால் அவரால் முகத்தை மூடிக்கொள்ளக்கூட முடியவில்லை.

கொஞ்சம் முன்னாடியே கூப்பிட்டிருந்தால் நம்பிக்கையாகச் சொல்லியிருப்பேன் என்றார் டாக்டரம்மா. இப்போது பார்க்கத்தான் வேண்டும் என்றார். கிளம்பும்போது வாசல் வரை வந்த மூக்கு சார், இந்த உண்ணியையெல்லாம் பிடுங்கிவிட்டால் தேறுமா என்று கேட்டார். எடுங்கள், ஆனால் கிருமி உள்ளே போயாயிற்று, இனி அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வண்டியைக் கிளப்பினார்.

ஆனாலும் மூக்கு சார் உட்கார்ந்து எடுத்தார். ஒரு டப்பாவில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டு, ஈரத்தரையில் சம்மணம் போட்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதில் போட்டார். சில வரவில்லை, இழுத்தால் தோலோடு வந்தன. விரல் நுனியெல்லாம் ரத்தமாயிற்று, அது மருமகளின் ரத்தம். அவள் ஒரு கிண்ணத்தில் எண்ணெயைக் கலக்கிக் கொண்டுவந்து, அத்தனை நாளும் விட்டுவைத்த இடங்களில், மடியில், தொடையில், வாலடியில், அழுத்தித் தேய்த்தாள். மருமகள் ஒரு தடவை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. எழுந்துவிடும் என்று இருவரும் நினைத்தார்கள். தலையை மறுபடி கீழே போட்டுக்கொண்டது.

மன்னிச்சுடு என்று சொல்ல அவர் பல தடவை முயன்றார். அந்த வார்த்தை அவ்வளவு சின்னதாக இருந்தது. சொன்னால், பரவாயில்லை என்று அவள் சொல்ல வேண்டியிருக்குமே என்றும் தோன்றியது. அந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்ற மனமில்லாமல் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் இறங்கும் நேரத்தில் மருமகளின் மூச்சு இடைவெளி விட்டு வர ஆரம்பித்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் கையை எடுக்காமல் காத்திருந்தாள். பிறகு ஒரு இடைவெளி முடியவே இல்லை. அவள் சத்தம் போட்டு அழவில்லை. சாக்கை எடுத்து அதன் முகத்தை மூடினாள். மூடியதும் ஏதோ தவறு செய்துவிட்டவள் போல மறுபடி விலக்கினாள்.

உடம்பு ஆற ஆற, அவர் கண் எதிரே அது நடந்தது. மிச்சமிருந்த உண்ணிகள் ஒன்றிரண்டாகப் பிடியை விட ஆரம்பித்தன. அத்தனை இழுத்தும் வராதவை, எவரும் தொடாமல், தாமாகவே காலை எடுத்து, தோலின்மேல் நகர்ந்து, தரையில் இறங்கின. அவசரமில்லாமல், சுவரோரம் கட்டியிருந்த கன்றின் பக்கம் ஊர்ந்தன.

அவர் பாய்ந்து எழுந்து செருப்புக் காலால் மிதித்தார். இருட்டிய மூலையில் எது மண், எது உண்ணி என்று தெரியவில்லை. கன்றின் கயிற்றை அவிழ்க்கப் போனார். விரலில் எண்ணெயும் ரத்தமும் வழுக்கி முடிச்சு பிடிபடவில்லை. அவள் எழுந்து வந்து அதை அவிழ்த்தாள். கன்றைத் தன்னோடு அணைத்தபடி முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். அதன் காதைப் புரட்டிப் பார்த்தாள், வாலைத் தூக்கிப் பார்த்தாள். போய் மீதி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

தேய்க்கப் போன கை பாதியில் நின்றது.

"கன்னுக்கு எல்லா இடத்துலயும் தடவலாமில்லங்க?" என்று கேட்டாள்.

குத்திக் காட்டுகிறாளோ என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். இல்லை. வரிசையில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, நம் பால் தேறுமா என்று தெரியாமல் நிற்பவர்கள் கேட்பார்களே, அந்தக் குரல். தடவு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் பதில் சொல்லும்வரை எண்ணெயைத் தொடாமல் அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.